மிதிப்பெட்டியின் முகம்

சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலை மாணவரின் கைவினைக் கண்காட்சி ஒன்றுக்கு நடுவர் மூவருள் ஒருவனாகச் சென்றிருந்தேன். எங்கள் கையில் தரப்பட்ட புள்ளித்தாளிற் "பயன்" என்று ஒரு நிரலும் "அழகு" என்று இன்னொரு நிரலும் இருந்தன. முன்னதற்கு 60 புள்ளி, பின்னதற்கு 20. மிகுதி விளக்கவுரைக்கு. இத்தகைய பிரிப்பில் ஏதேனும் பிழையிருக்கக் கூடும் என்ற ஐயம் அன்று எனக்கு எழவில்லை. பௌதிகம் படிப்பித்துப் பழகியவனுக்கு நிரல்கள் மீது இயல்பாகவே ஒரு நம்பிக்கை உண்டு.

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் உள்ளங்கையில் அடங்கும் அலுமினியப் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தான். மின்கிற்றார் வாசிப்போர் தம் கருவிக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே தரையில் வைத்து, காலால் மிதித்து இயக்கும் ஒலிமாற்றுப் பெட்டி அது. நான் இக்கட்டுரையில் அதனை மிதிப்பெட்டி என்று வழங்குகிறேன். பெட்டியின் முகத்திற் சில்வண்டின் சிறகு பொறிக்கப்பட்டிருந்தது. சிறகின் நரம்புகள் புடைத்து நிற்க, இடைவெளிகள் அரிக்கப்பட்டுப் பள்ளமாய் இருந்தன. மேலே இரண்டு குமிழ்கள். ஒன்றன் கீழ் "உறுமல்" என்றும் மற்றதன் கீழ் "அளவு" என்றும் எழுதியிருந்தது.

"உள்ளே உள்ள மின்சுற்றைச் செய்ய எத்தனை நாட் சென்றது?" என்று கேட்டேன். இரண்டு மாலைப்பொழுது என்றான். "பெட்டிக்கு?" ஐந்து கிழமை என்றான். எனக்கு அது போதுமாயிருந்தது. வேலையை விட்டு வேடத்திற் காலத்தைப் போக்கியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். ஏன் இந்தப் பூவேலை என்று கேட்டபோது அவன் சொன்ன மறுமொழி இது: "சேர், நான் வெறுங்காலோடைதான் வாசிக்கிறனான். மேடையிலை இருட்டு. மூண்டு பெட்டி பக்கத்திலை பக்கத்திலை கிடக்கும். எது எந்தப் பெட்டி எண்டு காலுக்குத் தெரிய வேணும்."

நல்ல சாமர்த்தியமான சமாளிப்பு என்று எண்ணிச் சிரித்துக்கொண்டே, "பயன்" நிரலிற் பதினைந்து புள்ளியைக் குறைத்தேன். போதாக்குறைக்கு, "உறுமல்" என்பது கலைச்சொல் அன்று என்று ஓர் அறிவுரையும் வழங்கினேன். அவனுக்கு இடம் எதுவும் கிடைக்கவில்லை. நான் செய்தது பிழை. அது மனத்தளர்ச்சியால் நேர்ந்த பிழையன்று, கொள்கைப் பிழை. உள்ளே இருப்பதே பொருள், வெளியே இருப்பது வெறுங் கூடு என்ற கொள்கை என்னிடம் மட்டும் இருப்பதன்று. அதனாலேதான் இதை எழுதுகிறேன்.

மிதிப்பெட்டியின் வரலாறு ஒரு பழுதிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மாட்டி றொபின்ஸ் என்ற பாடகரின் பாட்டொன்றை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தபோது, கிறேடி மாட்டின் வாசித்த தாழ்சுருதிக் கிற்றாரின் ஒலி, கலவைப் பலகையின் ஒரு பகுதி பழுதானமையாற் சிதைந்து, ஒரு வண்டு குடத்துக்குள் இருந்து இரைவது போற் பதிவாயிற்று. அதை அழித்துவிடாமல் அப்படியே விட்டார்கள். 1961இல் அப்பாட்டு வெளியாகிப் புகழ் பெற்றது. மற்றையோரும் அந்த ஒலியைக் கேட்டு வரத் தொடங்கவே, ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடி அதனைத் திரான்சிஸ்ரர்களைக் கொண்டு வேண்டுமென்றே உண்டாக்கும் சுற்றொன்றை வகுத்தார். கிப்சன் நிறுவனம் அதனை 1962இல் "மயெஸ்ரோ ஃபஸ்-ரோன்" என்ற பெயரில், ஆப்பு வடிவான பெட்டியில் அடைத்து விற்றது. மூன்று ஜேர்மானியம் திரான்சிஸ்ரர்கள், இரண்டு 1.5 வோல்ற்று மின்கலங்கள். 1965இல் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் கீத் றிச்சட்ஸ் அதனை "சற்றிஸ்ஃபக்ஷன்" பாட்டில் மிதித்த பின் உலகெங்கும் அந்த ஒலி பரவிற்று. அந்தப் பகுதியைப் பின்னர் ஊதுகருவிகள் வாசிக்க வேண்டும், கிற்றார் வெறும் மாதிரி என்பதே அவருடைய கருத்தாயிருந்தது. மாதிரியே நிலைத்துவிட்டது.

இதில் நடைபெறுவது என்ன? கிற்றாரின் மின்குறிப்பு அலையலையாய் ஏறி இறங்குகிறது. சுற்று அதனை அளவுக்கு மீறிப் பெருக்க, அலையின் முடியும் அடியும் வெட்டுண்டு தட்டையாகின்றன. வெட்டுண்ட அலையில், முன்பு மெலிந்திருந்த மேற்றொனிகள் பலவும் தலைதூக்குகின்றன. கம்மல், கரகரப்பு, உறுமல், இரைச்சல் என்று நாம் சொல்லும் பண்புகள் அந்த மேற்றொனிகளின் வேறுவேறு சேர்க்கைகளே. தத்துவம் இவ்வளவுதான். சுற்றும் பெரிதன்று. 1966இல் இலண்டனில் ஆபிற்றர் நிறுவனம் வெளியிட்டு, ஜிமி ஹென்றிக்ஸ் கையாண்டதாற் புகழ்பெற்ற "ஃபஸ் ஃபேஸ்" என்ற பெட்டியில் இரண்டு திரான்சிஸ்ரர், நான்கு தடையி, மூன்று கொள்ளளவி, இரண்டு குமிழ் ஆகப் பதினொரு உறுப்புகளே ஒலியை ஆக்கின.

இவ்விடத்தில் என் வாதத்தின் முதற் படி வருகிறது. பதினொரு உறுப்புகளின் சேர்க்கையை இன்று வீட்டில் மிதிப்பெட்டி செய்யும் எவரும் புதிதாகக் கண்டுபிடிப்பதில்லை. கிறேக் அண்டேட்டன் 1975இல் இசைவாணர்க்கான இலத்திரனியற் செயற்றிட்டங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்ட காலந்தொட்டு, இச்சுற்றுப்படங்கள் கைக்குக் கைமாறி வருகின்றன. இன்று எவரும் பெறக்கூடியனவாய் உள்ளன. வீட்டில் ஆக்கப்படுவனவற்றுட் பெரும்பாலானவை ஒருசில மூலச் சுற்றுகளின் வழித்தோன்றல்கள். ஒரு தடையியைக் கூட்டி, ஒரு கொள்ளளவியைக் குறைத்துத் தன் காதுக்கு ஏற்பத் திருத்துவதில் நுட்பம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனாற் சுற்று பெரும்பாலும் பொதுச்சொத்து. நாட்டார் பாடலின் மெட்டுப் போல அது ஒருவருக்கும் உரியதன்று. அப்படியாயின் வீட்டிற் செய்பவனுக்குத் தனக்கென்று உரியது எது? அந்தப் பெட்டிதான். எங்கே துளைக்க வேண்டும், எந்தக் குமிழ் எங்கே இருக்க வேண்டும், அதன் கீழ் என்ன சொல் எழுத வேண்டும், காலுக்கு எது தட்டுப்பட வேண்டும் என்ற கேள்விகளுக்கு எவனுடைய சுற்றுப்படமும் விடை தருவதில்லை. அந்த மாணவன் இரண்டு மாலைப்பொழுதிற் பிறருடையதை எழுதிப் பழகினான். ஐந்து கிழமையிற் சொந்தமாக ஒன்று எழுதினான். நான் அவன் கொப்பியெழுத்துக்குப் புள்ளி கொடுத்துவிட்டுக் கட்டுரையைக் கிழித்தெறிந்தேன்.

இதையெல்லாம் அன்றே உணர்ந்தேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருடங் கழித்து, பொழுதுபோக்காக நானே ஒரு மிதிப்பெட்டி செய்ய முற்பட்டபோதுதான் உணர்ந்தேன்.

முதலிற் பிஸ்கற் பேணி ஒன்றைத்தான் எடுத்தேன். அது மிதித்தால் நெளியும் என்பது மிதித்த பின் தெரிந்தது. பின்னர் வார்ப்பு அலுமினியப் பெட்டி ஒன்றைத் தேடிப் பெற்றேன். உலகெங்கும் வீட்டில் மிதிப்பெட்டி செய்வோர் பெரிதும் நாடுவது கனடாவின் ஹமண்ட் நிறுவனம் "1590பி" என்று இலக்கமிட்ட பெட்டியையும் அதன் பிரதிகளையுந்தான். நீளம் ஏறத்தாழ 112 மில்லிமீற்றர், அகலம் 60, உயரம் 31. இது மிதிப்பெட்டிக்கென்று பிறந்ததன்று. எந்த மின்கருவிக்கும் பொதுவான அடைப்பாக ஆக்கப்பட்டது. அச்சிலிருந்து கழன்று வருவதற்காக அதன் பக்கங்கள் சற்றே சரிந்திருக்கும். இந்தச் சிறு சரிவு தெரியாமல் மட்டப்பலகையை வைத்து அளந்தவன் படும் பாடு சொல்லி முடியாது. அன்றியும், மிதிக்கும் முகம் என்பது உண்மையிற் பெட்டியின் அடிப்பக்கம். மூடிதான் தரையிற் கிடக்கும். எனவே உள்ளிருந்து பார்த்துக் குறித்த துளைகள் வெளியிலிருந்து பார்க்க இடம் வலமாக மாறிவிடும். என் முதற் பெட்டியில் உள்வரும் வழியும் வெளிச்செல்லும் வழியும் இப்படி மாறிப் போயின.

கால் ஆளிக்கு 12 மில்லிமீற்றர்த் துளை, குமிழுக்கு 7, இணைப்பு வாய்க்கு ஒன்பதரை, விளக்குக்கு 5 அல்லது 3. அலுமினியம் மெதுவான உலோகம். துறப்பணம் வழுக்கி ஓடாதபடி முதலில் ஆணியாற் குழி இட்டுக்கொள்ள வேண்டும். துளையின் விளிம்பிற் கிளம்பும் பிசிரை அரத்தால் அகற்ற வேண்டும். உள்ளே மின்கலம் படுக்க இடம் வேண்டும். ஆளியின் அடிக்கால்கள் சுற்றுப்பலகையைத் தொடாதிருக்க வேண்டும். பெருவிரல் ஆளியை மிதிக்கும்போது அடுத்த விரல் குமிழைத் திருகிவிடாதிருக்க வேண்டும். ஒவ்வொரு துளையும் இத்தனை பேருக்கு மறுமொழி சொல்லியாக வேண்டும். துளையிட்ட பின் மனம் மாறினால் அலுமினியம் மன்னிப்பதில்லை.

இவை முடிந்தபின் வர்ணம் பூசினேன். உள்ளும் புறமும் ஒரு குறையும் இல்லாமற் பூசினேன். பார்க்க நன்றாயிருந்தது. சுற்றை உள்ளே வைத்துத் திருகாணிகளை முடுக்கி ஒலிபெருக்கியோடு இணைத்தேன். "உம்ம்" என்ற ஓயாத இரைச்சல்! பெட்டியைக் கையால் தொட்டால் இரைச்சலின் தன்மை மாறுகிறது. சுற்றை வெளியே எடுத்து மேசையில் வைத்தாற் கிட்டத்தட்ட அதே இரைச்சல். இவ்வளவு பாடுபட்டுச் செய்த உலோகப்பெட்டி இருந்தும் இல்லாதது போலாயிற்று. இரண்டு இரவு சுற்றில் ஒவ்வொரு பற்றாசையும் மீண்டும் உருக்கிப் பார்த்தேன். சுற்றில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் வர்ணத்தில் இருந்தது.

ஏன் உலோகப்பெட்டி என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. இலண்டனிற் கரி ஹேர்ஸ்ற் 1965இல் "ரோன் பெண்டர்" என்ற பெட்டியைச் செய்தபோது முதலிற் சிலவற்றை மரப்பெட்டியில் அடைத்தார். விரைவிலேயே மடித்த உருக்குத் தகட்டுக்கு மாறினார். உலோகம் மிதியைத் தாங்கும் என்பது ஒன்று. மற்றது, அது வெளியிலுள்ள மின்கம்பிகளும் வானொலி அலைகளும் உள்ளே உள்ள சுற்றைத் தீண்டாதபடி கவசமாய் நிற்கும். ஆயிரம் மடங்கு பெருக்குகின்ற ஒரு சுற்று, தீண்டும் சிறு இரைச்சலையும் ஆயிரம் மடங்கு பெருக்கும் அன்றோ? ஆனாற் கவசம் கவசமாக வேண்டுமாயிற் சுற்றின் பொதுமுனையோடு அது தொடுக்கப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் இத்தொடுப்பை உண்டாக்குவது இணைப்பு வாயின் உலோகக் கழுத்து துளையின் உள்விளிம்பில் அழுந்தும் அந்த ஓரிடமே. அந்த இடத்தையும் நான் வர்ணத்தால் மூடிவிட்டேன். வர்ணம் மின்னைக் கடத்தாது. என் பெட்டி ஒன்றோடும் தொடுப்பில்லாமல் அந்தரத்தில் நின்றது. ஒரு பத்துச்சத நாணய அளவுக்கு உள்ளே வர்ணத்தைச் சுரண்டி அலுமினியத்தை வெளிப்படுத்தினேன். இரைச்சல் நின்றது.

அந்தச் சுரண்டலை வைத்துக்கொண்டு, பார்த்தீரா, அலங்காரம் பயனைக் கெடுத்தது, நீர் அன்று சொன்னதே சரி என்று வாதிடலாம். நான் அதிலிருந்து எதிர்முடிவுக்கே வருகிறேன். பயன் வேறு அலங்காரம் வேறு என்று நினைத்துக்கொண்டு பூசியதால் வந்த வினை அது. எந்த இடத்தில் வர்ணம் வேண்டும், எந்த இடத்தில் ஆகாது என்பது அழகு பற்றிய கேள்வியும் ஆகும், மின்னியல் பற்றிய கேள்வியும் ஆகும். அலங்காரத்தை இறுதியில் மேலே தடவும் சுண்ணாம்பாகக் கருதியவன் நான். அந்த மாணவனோ இரண்டையும் ஒருங்கே நினைத்துச் செய்தவன். அவனுடைய பெட்டி கண்காட்சியில் ஒரு சிறு இரைச்சலும் இல்லாமல் இருந்தது இப்போதுதான் என் நினைவுக்கு வருகிறது.

நம்முடைய கருவிகளைப் பார்த்தாலும் இந்த உண்மை தெரியும். மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் உள்ள கருவட்டத்தை அறியாத ஒருவன் பார்த்தால் நெற்றிப்பொட்டுப் போல அழகுக்கு இட்டது என்றே நினைப்பான். அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் மிருதங்கத்தின் நாதமே போய்விடும். வீணையின் தண்டு முனையில் உள்ள யாளிமுகமோ உண்மையிலேயே அழகுக்குத்தான்; அதனால் ஒரு சுரமும் கூடுவதில்லை. ஆயினும் யாளி இல்லாத தஞ்சாவூர் வீணையை யாரேனும் விரும்பி வாங்குவரோ? எது தொழில் செய்யும் அழகு, எது சும்மா இருக்கும் அழகு என்று தொலைவில் நின்று தீர்ப்புக் கூறுவது எளிதன்று. கருவட்டத்தை யாளி என்று கொண்டதே அன்று நான் செய்த பிழை.

அவன் அந்தச் சிறகை எவ்வாறு பொறித்தான் என்பதையும் பின்னர் முயன்று அறிந்தேன். ஆசிரியர்களுக்கு இது சுவையாக இருக்கும். படத்தை இடம் வலம் மாற்றி, மைப்பொடி உருகி ஒட்டும் இயந்திரத்தில் அச்சிட்டு, கடதாசியை அலுமினியத்தின் மேற் கவிழ்த்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினால், மை உலோகத்துக்கு மாறிவிடும். கடதாசியை நீரில் ஊறவைத்து உரித்தெடுக்க வேண்டும். மறைக்க வேண்டிய மற்றைய இடங்களை நகப்பூச்சாலோ ஒட்டுநாடாவாலோ மறைத்துவிட்டு, மயில்துத்தமும் கறியுப்பும் கரைத்த நீரில் முகத்தை அமிழ்த்த வேண்டும். அலுமினியத்தின் மேல் எப்போதும் இருக்கும் ஒட்சைட்டுப் படலத்தை உப்பு உடைக்கிறது. உடைந்த இடத்தில் அலுமினியம் கரைய, கரைசலில் இருந்த செம்பு செம்மண் போற் படிகிறது. நீர் சூடாகும், குமிழிகள் எழும். திறந்த வெளியிற் செய்ய வேண்டிய வேலை. எஞ்சிய கரைசலைக் கிணற்றடியில் ஊற்றுபவன் தண்டனைக்குரியவன். செப்புப் பொடியைத் தூரிகையாற் போக்கிக்கொண்டே இருந்தால், மை மூடிய கோடுகள் மேடாகவும் மற்றவை பள்ளமாகவும் நிற்கும். பள்ளத்திற் கரிய வர்ணத்தை நிரப்பி, உலர்ந்தபின் மேற்பரப்பை அரத்தாளால் உரசினால், வெள்ளிக் கோடுகள் கருமையில் மின்னும்.

உலர்ந்தபின் என்று சொன்னேன். கையில் ஒட்டாததை உலர்ந்தது என்று நம்பி என் பெட்டியைத் திருப்பி வைத்தேன். பெருவிரல் இரேகை இன்றும் அதில் இருக்கிறது. பொறுமையில்லாதவன் வர்ணத்தோடு விளையாடக் கூடாது.

நான் ஆறு முறை முயன்றும் என் கோடுகள் நேர்த்தியாக வரவில்லை. ஐந்து கிழமை என்று அவன் சொன்னது மிகையன்று.

இனி, அந்தச் சொல்லுக்கு வருகிறேன். "உறுமல்" கலைச்சொல் அன்று என்றேன். அமெரிக்கரும் ஆங்கிலேயரும் அக்குமிழுக்கு எழுதியது மட்டும் கலைச்சொல்லா? "ஃபஸ்" என்பது அவர்கள் மொழியிற் பஞ்சுப்பிசிரையும் மங்கலையும் குறிக்கும் வீட்டுச்சொல். காதில் விழுந்ததற்கு வாயில் வந்த பெயரை இட்டார்கள். ஒலிக்குப் பெயரிடுவதில் நமக்குப் பஞ்சமில்லை. குமுறல், உறுமல், முழக்கம், ரீங்காரம், கணகணப்பு, கம்மல், கரகரப்பு, இரைச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறம் உண்டு. அச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிப் பார்த்து, தன் சுற்று எழுப்பும் ஒலிக்கு இதுவே பொருந்தும் என்று ஒன்றைத் தெரிந்து உலோகத்திற் பொறிப்பவன் செய்வது மொழித்தொழிலே. நான் அவனுக்குப் பரிந்துரைத்த சொல் "ஒலிச்செறிவு". அதை இரண்டு குமிழுக்கும் எழுதலாம். எழுதினாலும் எதைத் திருகினால் என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் விளங்காது. கலைச்சொற் பட்டியல்கள் வேண்டாம் என்பதல்ல என் கருத்து. அவற்றால் நாம் அடைந்த பயன் பெரிது. ஆனாற் கருவியைத் தொட்டவன் இட்ட பெயரைக் கருவியைத் தொடாதவன் திருத்தும்போது சற்றுத் தயங்குதல் நன்று.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பெட்டியின் முகம் பொய் சொல்லவும் வல்லது. பழைய சுற்று ஒன்றை ஓர் எழுத்தும் மாற்றாமல் அடைத்து, மேலே ஒரு மண்டையோட்டையோ நாகத்தையோ தீட்டி, புதுப்பெயர் சூட்டிப் புத்தாக்கம் என்று விற்பவர் உண்டு. பச்சை வர்ணம் பூசினால் அதனுள் 1970களின் இறுதியில் ஐபனெஸ் வெளியிட்ட புகழ்பெற்ற பச்சைப்பெட்டியின் சாயல் இருக்கும் என்று வாங்குபவன் தானே எண்ணிக்கொள்கிறான்; அதுவாவது நேர்மையான குறிப்பு. பெட்டியின் அழகுக்கென்று தனியே விலை வைப்பது பொய்யாகாது. மினியாபொலிஸ் நகரிற் சக்கரி வெக்ஸ் 1990களில் வெளியிடத் தொடங்கிய "ஃபஸ் ஃபக்ரறி" முதலிய பெட்டிகளை ஓவியர்கள் ஒவ்வொன்றாகக் கையால் தீட்டினர். பின்னர் அதே சுற்றை அச்சிட்ட முகத்தோடு "வெக்ஸ்ரர்" என்ற வரிசையிற் குறைந்த விலைக்கும் விற்றனர். இன்னது ஓவியத்தின் விலை, இன்னது ஒலியின் விலை என்று வாங்குபவனுக்கு வெளிப்படையாகத் தெரிந்தது. இதிற் குறை காண நான் ஒருப்படேன்.

என் மனம் ஒருமுகப்படாத இடம் வேறொன்று. பில் ஃபினிகன் என்ற அமெரிக்கர் 1994இல் "குளொன் சென்ரோர்" என்ற பெட்டியை வெளியிட்டார். தனக்கென்றே வார்த்த பொன்னிறப் பெட்டி. சிலவற்றின் முகத்திற் பாதி மனிதனும் பாதி குதிரையுமான உருவம். மூடியைக் கழற்றினால் உள்ளே சுற்றைக் காண இயலாது. பிறர் பார்த்துப் படியெடுக்காதபடி கரிய பிசினால் அதனை மூடியிருந்தார். தனியொருவர் தம் உழைப்பைக் காக்க முயன்றார் என்பதை உணர்கிறேன். ஆயினும் கூட்டின் முகத்தைத் திறந்துவைத்து உள்ளத்தை மூடுவது எனக்கு உவப்பாயில்லை. பிசினைச் சுரண்டிப் பார்த்தவர்கள் காலப்போக்கிற் சுற்றையும் அறிந்துகொண்டார்கள், பிரதிகள் பெருகின, மூலப்பெட்டியின் விலையோ குறையாமல் ஏறியது. 2012இல் அவர் வெளியிட்ட அடுத்த பெட்டியின் முகத்தில், பலரை எரிச்சலூட்டும் அந்த ஆரவாரப் புகழ் தம்மாற் கிளப்பப்பட்டதன்று என்ற கருத்தில் ஒரு வசனத்தையே அச்சிட்டார்! நூலாசிரியன் முன்னுரையில் முறையிடுவதை நாம் கண்டிருக்கிறோம். மிதிப்பவன் காலடியில் முறையிட்டவர் இவர் ஒருவரே போலும். பெட்டியின் முகம் எழுதப்படும் ஏடே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வீட்டிற் செய்வோர் பலரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. மூடியின் உட்புறத்தில், இன்ன பழைய சுற்றைத் தழுவியது, இன்ன மாற்றம் செய்தேன், இன்ன தேதி என்று எழுதிவைப்பர். பழுது பார்க்கத் திறப்பவன் மட்டும் காணும் எழுத்து அது. வெளிமுகத்தில் தன் கற்பனை, உள்மூடியில் தன் கடன். என் பெட்டியின் உள்ளே, ஃபஸ் ஃபேஸ் வழியது, உள்வழியிற் கொள்ளளவி சிறிதாக்கப்பட்டது, வர்ணம் சுரண்டப்பட்ட இடத்தை மீண்டும் பூசற்க என்று எழுதியிருக்கிறேன். ஐந்தாம் இலக்கத் தடையி ஏன் அங்கே வந்தது என்பதை எழுத மறந்துவிட்டேன். இப்போது எனக்கே விளங்கவில்லை.

அந்த மாணவனின் காலுக்கு வருகிறேன். அவன் சொன்னதைச் சமாளிப்பு என்று கொண்டேன் அல்லவா? ஒருநாள் மின்தடையின்போது, என் பெட்டியையும் நண்பரிடம் இரவல் வாங்கிய இரண்டு பெட்டிகளையும் தரையில் வைத்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருட்டில் மிதித்துப் பார்த்தேன். வழவழவென்று வர்ணம் பூசிய மூன்றும் காலுக்கு ஒன்றாகவே இருந்தன. மூன்றில் இரண்டு முறை பிழையான பெட்டியை மிதித்தேன். ஒருமுறை குமிழொன்றைத் திருகிவிட்டேன். அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த மேடும் பள்ளமும் பெருவிரலுக்கு எவ்வளவு தெளிவாகப் பேசும் என்பதை, நான் அரைகுறையாய் அரித்து வைத்திருந்த ஒரு தகட்டை மிதித்தபோது அறிந்தேன். சில்வண்டின் சிறகை அவன் தெரிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று இப்போது நினைக்கிறேன். வண்டின் இரைச்சலைப் போன்ற ஒலியைத் தரும் பெட்டி அது. காலுக்கும் சொன்னான், கண்ணுக்கும் சொன்னான், எழுத்திலும் சொன்னான். மூன்று மொழியிற் சொல்லியும் நடுவருக்கு விளங்கவில்லை.

இவ்வருடமும் அதே கண்காட்சிக்கு நடுவராக வரும்படி அழைப்பு வந்தது. ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்திலேயே, "பயன்", "அழகு" என்ற இரு நிரல்களையும் ஒன்றாக்கி 80 புள்ளிக்கு ஒரே நிரலாக அமைக்கும்படியும், மாணவரிடம் "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டு அவர் சொல்லும் மறுமொழியை நடுவர் எழுத்தில் எடுத்த பின்னரே புள்ளியிட வேண்டுமென்றும் கேட்டிருந்தேன். நிரல்களை மாற்றுவதற்குக் குழு கூடித் தீர்மானிக்க வேண்டுமாம். குழு இன்னும் கூடவில்லை.